மேல் கொக்கி, கீழ் கொக்கி

1

இன்றோடு நான் ஆரம்பாக்கத்தை விட்டுக் கிளம்பிப் பதினோரு வருடம் முடிகிறது. வருடா வருடம் இந்த நாளில் சேமியாப் பாயசம் வைப்பது வழக்கம். இந்த ஜெர்மானிய ஊரில் சேமியா கிடைக்காத காலத்தில் மெல்லிய நூடுல்ஸை ஒடித்துப் போட்டுக்கூட வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். இந்த வருடம் அடுப்பைப் பற்றவைக்க மனம் வரவில்லை. அதற்குப் பதில் இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் அக்காவோ அண்ணனோ உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பினால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

அன்று ஆரம்பாக்கம் நடைமேடையில் என்னை வழியனுப்ப வந்தவர்களில் என் தம்பி தனசேகர், எங்களுக்குச் சேகர், அவன்தான் கடைசிவரை நின்றான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, ரயிலையே நிறுத்தப் போகிறவன் மாதிரி அசைத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் பேசி முடிக்கும்போது அதே மாதிரி இரண்டு கையையும் தூக்குவான். என் மகள் மித்ராவுக்குப் பதினான்கு வயது. தமிழில் பாதியை மறந்துவிட்டாள், மீதியை விழுங்கிவிடுகிறாள். ஆனால் அந்த ‘மாமா டாட்டா’வை மட்டும் விடவே மாட்டாள்.

2

தோள் போனவர்களுக்கு வேலை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில்.

ஊரில் பிசியோதெரபி படித்தேன். இங்கே வந்ததும் அந்தப் படிப்பு செல்லாது என்றார்கள். சான்றிதழின் நகல், நகலுக்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, முத்திரை போட்டவர் முத்திரை போடத் தகுதியானவர்தான் என்பதற்கு இன்னொரு தாள். அந்தத் தாள்கள் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்த மூன்று வருடமும் முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்தேன். அப்புறம் ஒரு தேர்வு. தோளிலிருந்து விரல் நுனிவரை நமக்கு எல்லாமே கைதான். இவர்களுக்கு மணிக்கட்டுக்கு மேலே ஒரு சொல், கீழே ஒரு சொல். நான் கீழே உள்ள சொல்லை எடுத்து ‘தூக்குங்கள்’ என்றேன். எதிரே நோயாளியாக உட்கார்ந்திருந்தவர் முழங்கையை மேசையில் ஊன்றியபடி விரல்களை மட்டும் தூக்கிக் காட்டினார். தேர்வாளர் எதையோ குறித்துக்கொண்டார். அந்தத் தேர்வில் இரண்டாம் முறைதான் தேறினேன்.

இப்போது தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போகிறேன். ஊவே என்று ஒருவர், வெல்டர், வலது தோளின் தசைநார் கிழிந்துவிட்டது. அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஓர் அறையில் உட்கார்ந்து காப்பியும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு பேசினோம். மேலாளர், மருத்துவர், தொழிலாளர் பிரதிநிதி, ஊவே, நான். முதல் இரண்டு வாரம் நாளுக்கு இரண்டு மணி நேர வேலை, அப்புறம் நான்கு, அப்புறம் ஆறு. தோளுக்கு மேலே கை போகும் வேலை கூடாது. உயரத்தில் உள்ள வெல்டிங்கைப் பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வார், அதற்கு ஈடாகத் தாழ்வான வேலையை ஊவே செய்வார். இதையெல்லாம் நான் அறிக்கையாக எழுதினேன், ஊவே கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் அவரைப் பற்றி ஒரு வரிகூட நான் வெளியே அனுப்ப முடியாது.

இந்த நாட்டில் உடம்பின் குறையைத் தாளில் எழுதினால் அந்தத் தாள் ஆளைக் காப்பாற்றும். எனக்கு அது பழகிப்போனது. எல்லா ஊரிலும் தாள் அப்படித்தான் என்று நினைக்கும் அளவுக்குப் பழகிப்போனது.

3

சேகருக்கு வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில். இரும்புச் சாமான்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி. ஒன்பது வருடமாக கான்ட்ராக்ட் ஆள். தலைக்கு மேலே ஒரு சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் வரிசையாக இரும்புச் சட்டங்கள் தொங்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு சட்டத்திலும் தலைக்கு மேலே இரண்டு கொக்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டு கொக்கி. இரண்டு பேர் நின்று சாமானை மாட்ட வேண்டும். ஆளுக்கொரு மேல் கொக்கி, ஆளுக்கொரு கீழ் கொக்கி என்பது கம்பெனி விதி. சட்டம் தாண்டிப் போவதற்குள் மாட்டியாக வேண்டும். சங்கிலி யாருக்காகவும் நிற்காது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சேகரின் வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அவனோடு நின்றவர் முனிரத்னம். ஐம்பதைத் தாண்டியவர், ஆந்திர எல்லையோரத்துக்காரர், நல்ல ஆகிருதி. சேகர் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவான். அவருக்கு முழங்கால் போய்விட்டது, குந்தினால் எழ முடியாது. இரண்டு பேரும் யாரிடமும் சொல்லாமல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மேல் கொக்கி இரண்டும் முனிரத்னத்துக்கு. கீழ் கொக்கி இரண்டும் சேகருக்கு.

இது அவர்களாகக் கண்டுபிடித்தது இல்லை. அந்த வரிசையில் பல பேர் அப்படித்தான் நின்றார்கள். இடுப்பு பிடித்தவனோடு மணிக்கட்டு வீங்கியவன், தோள் போனவனோடு முழங்கால் போனவர். ‘ஜோடி கட்டுறது’ என்று அதற்குப் பெயர். சூப்பர்வைசர் வருகிறார் என்றால் முதல் ஆள் ஒரு இருமல் இருமுவான். உடனே எல்லோரும் விதிப்படி மாட்டுவார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் கடந்து போனதும் பழையபடி.

“ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளுதான்கா” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகர் சிரித்தான்.

நானும் சிரித்தேன். அந்த வாக்கியத்தை மனதில் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

4

அன்றே சட்டையைக் கழற்றச் சொல்லி, கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். தோள் உயரம்வரை சரளமாக வந்தது. அதற்கு மேல் ஒரு விரற்கடை போனதும் முகம் மாறியது. தசைநாரில் கிழிசல் விழ ஆரம்பித்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. இப்போது பார்த்துக்கொண்டால் பிழைக்கும். வேகமாக ஒரு இழுப்பு இழுத்தால் அத்தோடு சரி.

“ஆஸ்பத்திரிக்குப் போடா.”

“போனா சீட்டு எழுதுவாங்க. சீட்டு எழுதினா கம்பெனிக்குப் பூடும். வேணாம்கா, நாங்களே பாத்துக்கினு போறோம்.”

“நான் உங்க ஆபீசுக்கு ஒரு லெட்டர் போடறேன். நான் இங்க இதத்தான செய்யறேன்?”

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. “எழுத்துல ஒண்ணும் வேணாம்கா. வாயால பேசறது காத்தோட பூடும். எழுதிட்டா அது நின்னுக்கும்.”

“நீ ஒரு பயந்தாங்கொள்ளி” என்றேன்.

அந்த வாரமே எழுதினேன். கம்பெனியின் மின்னஞ்சல் முகவரி இணையத்திலேயே கிடைத்தது. என் பெயர், என் பட்டம், நான் வேலை செய்யும் ஊர் எல்லாம் மேலே பளபளவென்று. தம்பிக்குத் தோளில் என்ன பிரச்சினை, அவனால் எது முடியும், எது முடியாது என்று வரிசையாக எழுதினேன். அதற்குக் கீழே, ஊவேவுக்கு எழுதியபோது மேலாளர் பாராட்டிய அதே மாதிரி ஒரு பத்தி. உயரமான கொக்கிகளை முனிரத்னம் என்பவர் மாட்டுகிறார். முழங்கால் குறைபாடு உள்ள அவருக்காகத் தாழ்வான கொக்கிகளைத் தனசேகர் மாட்டுகிறார். இருவரும் சேர்ந்து ஒரு முழுமையான தொழிலாளியாகச் செயல்படுகிறார்கள். இந்த ஏற்பாட்டை நிர்வாகமே முறைப்படுத்தலாம்.

ஆங்கிலத்தைச் சரிபார்க்க மித்ராவைக் கூப்பிட்டேன். நான் அவளிடம் உதவி கேட்டதில் அவளுக்கு ஒரே பெருமை. திருத்திக்கொண்டே வந்தவள் அந்தப் பத்தியில் நின்றாள்.

“மாமா ஓகே சொன்னாரா? அந்த முனி... அவரும் சைன் பண்ணணும் இல்ல? இங்க அப்படித்தானே?”

“மாமா என் தம்பிடி” என்றேன். “தம்பிக்கு நல்லது செய்ய அக்கா யார்கிட்ட சைன் வாங்கணும்?”

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். ஊவேவின் சம்மதம் இல்லாமல் அவர் பெயரைக்கூட உச்சரிக்காத நான், சொந்தத் தம்பி விஷயத்தில் அசல் ஆரம்பாக்கத்து அக்காவாகிவிட்டேன். அது மகளுக்குப் பட்டது. எனக்குத்தான் படவில்லை.

5

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்றே வரி. எங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி. தொழிலாளர் நலனே எங்கள் முதல் அக்கறை. தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் பொதட்டூர்பேட்டைக்காரர். அளந்துதான் பேசுவார். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“தகுந்த நடவடிக்கைன்னு போட்டிருக்கான்.”

“ஆமா, நல்லதுதானே?”

“ஊர்ல அந்த வார்த்தைய நான் வேலய உட்டுத் தூக்கற நோட்டீசுல மட்டும்தான் பாத்துகீறேன்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இவருக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த மூன்று வரியை எடுத்து எடுத்துப் படித்தேன்.

அந்த வாரப் புதன்கிழமை மதியம் நான் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது சேகர் கூப்பிட்டான். வாரநாளில் அவன் கூப்பிட்டதே கிடையாது.

“அக்கா, நீ இன்னா எழுதின?”

நான் சொல்ல ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். மேசைமேல் என் கடிதம், அச்சடித்து, மஞ்சள் மையால் கோடு போட்டு.

“படிச்சுக் காட்டினாருக்கா. அப்பால, ‘ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளுன்னு உங்கக்காவே எழுதிகீறாங்க. அப்ப எனக்கு ஒரு ஆளு போதும்’னாரு.”

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டில் பரீட்சை. இருபது தடவை கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். இருபது தடவை குந்தி எழ வேண்டும். இரண்டு பேரில் ஒருவர்தான் உள்ளே.

“முனிரத்னம் இன்னாடா சொன்னாரு?”

“வெளிய வந்து, ‘உங்கக்காவுக்கு நல்ல மனசுடா’ன்னாரு. திட்டியிருந்தாகூட பரவால்லக்கா. அதான் பேஜாரா கீது.”

கையில் இருந்த ரொட்டியை அப்படியே டப்பாவில் வைத்து மூடினேன்.

6

கம்பெனி ஆபீசுக்கு போன் போட்டேன். கான்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி கான்ட்ராக்டரிடம் பேசுங்கள் என்றார்கள். கான்ட்ராக்டரைப் பிடித்தேன். ஆபீஸ் சொல்வதைத்தான் நாங்கள் செய்கிறோம் மேடம், லெட்டர் ஆபீசுக்குத்தானே வந்தது என்றார், ரொம்ப மரியாதையாக. கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை.

அன்று சாயங்காலம் சேகர் மறுபடி வீடியோவில் வந்தான். இந்தத் தடவை கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“இந்த வேலய உட்டா எனக்கு நாப்பத்தியொரு வயசுல யாரு வேல குடுப்பா? வயலுக்குப் போனாலும் இந்தக் கையிதானே? திங்கக்கெழம மட்டும் தூக்கணும்கா. எப்டின்னு சொல்லு.”

நான் சொல்லிக்கொடுத்தேன். கட்டை விரலை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு தூக்கினால் வலி குறையும். முதுகை லேசாகப் பின்னால் சாய்த்தால் கை இருப்பதைவிட உயரமாகத் தெரியும். போகும் முன் வெந்நீர்த் துணி ஒற்ற வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதும் சொன்னேன். உடம்பு பொய் சொல்வதைக் கண்டுபிடிப்பதற்காகக் கற்றுக்கொண்டதையெல்லாம் வைத்து அவனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். நான்கு நாள் பயிற்சி. ஒவ்வொரு நாளும் கை கொஞ்சம் உயரமாகப் போனது, முகம் கொஞ்சம் குறைவாக மாறியது. நல்ல மாணவன்.

அவன் தேறினால் முனிரத்னம் வெளியே. அது எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை. முழங்காலுக்கு அப்படி ஒரு தந்திரம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பேனா? அந்த நான்கு நாளும் அவரைப் பற்றி ஒரு தடவைகூட நான் விசாரிக்கவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

7

திங்கட்கிழமை நடந்ததை சேகர் ஒரே மூச்சில் சொன்னான்.

கேட்டுக்கு வெளியே ஷிப்டு ஆட்கள் எல்லோரும் நின்றிருக்கிறார்கள். அன்று யாரும் இருமவில்லை. வயதில் பெரியவர் என்று முதலில் முனிரத்னத்தைக் குந்தச் சொன்னார் சூப்பர்வைசர். சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனிரத்னம் நான்கு தடவை எழுந்தார். ஐந்தாவது தடவை குந்தியவர் குந்தியபடியே இருந்தார். கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நான் யோசிக்கவே இல்லக்கா. சாப்ட்டு எழறப்போ தெனமும் தூக்கி உடறதுதானே. கைய நீட்டிட்டேன்.”

“எந்தக் கைய?”

“சோத்துக் கையதான்.”

அவ்வளவு பெரிய மனிதரை ஒற்றை இழுப்பில் தூக்கி நிறுத்தியிருக்கிறான்.

“உள்ள டப்புனு ஒரு சத்தம்கா. எனக்கு மட்டும்தான் கேட்டுது.”

சூப்பர்வைசர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாராம். “ஒத்தக் கையால இவர எழுப்பறான், இவனுக்கா தோளு பூட்ச்சு? போடா உள்ள” என்றாராம். கையைத் தூக்கச் சொல்லவே இல்லை. நான் சொல்லிக்கொடுத்த எதுவும் தேவைப்படவில்லை.

முனிரத்னம் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து, “மேல மாட்டறப்போ ஸ்டூலு போட்டுக்கோடா” என்று சேகரிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

“ஓடற சங்கிலிக்கு எங்கக்கா ஸ்டூலு போடறது?” என்றான் சேகர்.

அந்த வரிசையில் இப்போது யாரும் ஜோடி கட்டுவதில்லை. இடுப்பு பிடித்தவனும் மணிக்கட்டு வீங்கியவனும் விதிப்படி நிற்கிறார்கள். சூப்பர்வைசர் என் கடிதத்தின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார் என்று பேச்சாம். அடுத்து யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மாட்டுகிறார்களாம்.

8

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை ஊவே எங்கள் முன்னால் வலது கையை முழுசாகத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். மேலாளர் கைதட்டினார். நானும் கைதட்டினேன். எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இன்று ஞாயிறு. மதியம் கூப்பிட்டேன். அங்கே சாயங்கால வெயில். சேகர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தான். சட்டை போடவில்லை, வலது தோள்மேல் துண்டு தொங்கியது.

“துண்ட எடுடா, பாக்கலாம்.”

“குளுருதுக்கா.”

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்த மாதத்தில் குளிர்கிறதாம். நெற்றியில் வியர்வை வழிந்தது. அவன் துடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த அவன் மனைவி கலாதான் முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்தவள் அப்படியே அவன் தலையையும் வாரிவிட்டாள்.

“ஆபரேசன் பண்ணணும்டா. தள்ளிப்போடப் போட அது ஒட்டாமயே பூடும். லீவு சொல்லு.”

“லீவா? இன்னா காரணம்னு எழுதிக் குடுக்கச் சொல்லுவாங்க” என்றான். “சரிக்கா, காலைல ஷிப்டு. மேல் கொக்கி, கீழ் கொக்கி ரெண்டும் இப்ப என்னுதுதானே, எடது கையாலயே மாட்டியாவணும். வச்சிடட்டா?”

மித்ரா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “மாமா, டாட்டா!” என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனுக்கு முன்னால் நின்றாள்.

சேகர் சிரித்தான். இடது கையைத் தூக்கி அசைத்தான்.

“மாமா, ரெண்டு கை!” என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம், போனை வைத்திருக்கலாம். கலாவின் கை வந்து அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து மெல்ல உயர்த்தியது. தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான், சிரிப்பை மட்டும் விடவில்லை.

மித்ரா அவன் கையைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையை அவன் கை இருந்த உயரத்துக்கு இறக்கிக்கொண்டு அசைத்தாள்.